எங்கட வளவில் நிற்கிற மரங்கள் எங்கிருந்து வந்தன?

கார்த்திகை மாதம் பிறந்தால் முகநூல் முழுக்க மரக்கன்றுதான். வடமாகாண சபை இருந்த காலத்தில் இந்த மாதத்தை மரநடுகை மாதமாக அறிவித்தார்கள். அதுக்குப் பிறகு பள்ளிக்கூடம், சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம் என்று எல்லாரும் கன்று நடுகிறார்கள், படம் எடுத்துப் போடுகிறார்கள். நல்ல விசயம். மழையோடு நட்டால் தண்ணி ஊத்துற வேலை மிச்சம். ஆனால் அந்தப் படங்களுக்குக் கீழே இப்ப ஒரு வசனம் கட்டாயம் வருகிறது: "நாட்டு மரம் நடுங்கோ, வெளிநாட்டு மரம் வேண்டாம்." அதோடு ஒரு பட்டியலும் வரும். நான் பார்த்த ஒரு பட்டியலில் வேம்பு, புளி, முருங்கை, கொய்யா, பப்பாசி எல்லாம் "எம் மண்ணின் மரங்கள்" என்ற தலைப்புக்குக் கீழே வரிசையாக இருந்தன.

வரலாறு படிக்கிற பிள்ளைக்கு இதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கொய்யாவும் பப்பாசியும் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் பிறந்தவை. புளியின் பூர்வீகம் ஆபிரிக்கா. முருங்கை இமயமலையின் அடிவாரத்து மரம். அப்ப "நாட்டு மரம்" எண்டு நாங்கள் எதைச் சொல்லுறம்? வீட்டுத் தோட்டத்துக்கு என்ன கன்று வாங்குவது என்பது சின்னக் கேள்விதான். ஆனால் இந்தத் தீவில் "ஆர் முதல் வந்தது" என்று கேட்டு எத்தனை பேரைத் துரத்தியிருக்கிறார்கள் என்று யோசித்தால், மரத்திடம் அதே கேள்வியைக் கேட்கும்போதும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

முதலில் குசினிக்குப் பின்னால் போவம். யாழ்ப்பாணச் சமையல் எண்டால் உறைப்பு. அந்த உறைப்புக்குச் சொந்தக்காரனான மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492 இல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் உலகத்தின் மற்றப் பக்கங்கள் அதைக் கண்டன. போர்த்துக்கேயருடைய கப்பல்களில் 16 ஆம் நூற்றாண்டில் அது இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்து, அங்கிருந்து எங்கும் பரவியது. அதுக்கு முந்தி உறைப்பு எண்டால் மிளகு. மிளகு போல உறைக்கிற காய் என்று புதுசுக்குப் பெயர் வைத்து, பிறகு மிளகையே ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டோம். ஆரியச்சக்கரவர்த்திகளில் முதல் வந்தவர்கள் யாரும் செத்தல் மிளகாய் இடிச்ச சம்பலைக் கண்டிருக்கவே மாட்டார்கள்.

மிளகாய் மட்டுமில்லை. மரவள்ளி, வத்தாளங்கிழங்கு, கச்சான், கஜு, தக்காளி, அன்னாசி, அன்னமுன்னா எல்லாம் அந்தப் பக்கத்து ஆக்கள். அன்னாசி, அன்னமுன்னா என்ற பெயர்களே போர்த்துக்கேயரின் வாயிலிருந்து எங்கட வாய்க்கு வந்தவைதான். புகையிலையும் அமெரிக்கச் செடி. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. இந்தக் குடாநாட்டின் செம்மண் தோட்டம், துலாக்கிணறு, இறைப்பு, சுருட்டுக் கொட்டில் என்று ஒரு முழு வாழ்க்கை முறையும் அந்த வெளிநாட்டு இலையைச் சுற்றித்தான் கட்டப்பட்டது. கோயில் வீதியில் நிற்கிற தேமா மரமும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அதன் பூவை நாங்கள் சாமிக்கு வைக்கிறோம், சாமியும் ஒண்டும் சொல்லவில்லை.

சரி, போர்த்துக்கேயருக்கு முந்தி இருந்ததெல்லாம் நாட்டு மரம் என்று கோடு போடலாமோ? அதுவும் சரிவராது. ஆபிரிக்காவிலிருந்து வந்த புளி இந்தியாவில் எவ்வளவு பழசாகிவிட்டது என்றால், அரபுக்காரரே அதை "இந்தியாவின் பேரீச்சை" என்ற கருத்தில்தான் அழைத்தார்கள். மன்னார் பள்ளிமுனையிலும் நெடுந்தீவிலும் நிற்கிற பெருக்கமரத்தைப் பார்க்க இண்டைக்கும் சனம் போகுது. அதுவும் ஆபிரிக்க மரம்தான், அரபு வணிகர் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. வேம்பின் பூர்வீகத்தை அசாம், மியன்மார்ப் பக்கமாகத் தாவரவியலாளர் சொல்கிறார்கள். பனையை எடுத்தால் கதை இன்னும் சிக்கல். எங்கட அடையாளமாகவே ஆகிவிட்ட இந்த மரம் இங்கே தானாக வந்ததா, மனிதரோடு சேர்ந்து வந்ததா என்பதில் அவர்களுக்கிடையே ஒருமித்த கருத்து இல்லை. இதைச் சொன்னதுக்கு எனக்கு அடி விழக்கூடும், பரவாயில்லை.

இந்தக் கோட்டை முதலில் அச்சில் கீறினவர்கள் ஆர் என்று பார்த்தால் கதை வேறொரு இடத்துக்குப் போகுது. 1670களில் ஒல்லாந்தக் கும்பனியின் வைத்தியராக இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன் என்பவர் இங்கத்தைய செடிகளைப் பறித்து, காயவைத்து, தாளில் ஒட்டி ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார். அவர் செத்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்தத் தொகுப்பு சுவீடன்காரரான லின்னேயஸின் கையில் கிடைத்தது. இலங்கைக்கு ஒருநாளும் வராத அந்த மனிசன் அந்தக் காய்ந்த செடிகளை வைத்துக்கொண்டு 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இண்டைக்கும் எங்கட பல செடிகளின் விஞ்ஞானப் பெயர்களுக்கு அந்தத் தாள்கள்தான் சாட்சி, அவை இருப்பது லண்டனில்.

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். பேராதனைத் தோட்டத்தை 1821 இல் தொடங்கிய அலெக்சாண்டர் மூன் 1824 இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அந்தப் பட்டியலின் தலைப்பிலேயே இலங்கையில் வளரும் சுதேசச் செடிகள், அந்நியச் செடிகள் என்று இரண்டாகப் பிரிப்பு இருக்கிறது. ஹென்றி ட்ரைமென் 1893 இல் வெளியிடத் தொடங்கி, அவர் இறந்த பிறகு 1900 இல் ஹூக்கர் முடித்து வைத்த பெரிய தாவர நூலில் ஒவ்வொரு செடிக்கும் சிங்களப் பெயர், தமிழ்ப் பெயர் என்று குறித்திருக்கிறார்கள். அருமையான வேலை, அதை மறுக்க ஏலாது. ஆனால் எது உள்ளூர், எது வெளியூர் என்று அவ்வளவு கவனமாகப் பிரித்துக்கொண்டிருந்த அதே நிர்வாகம்தான் வெளியூர்ச் செடிகளைக் கப்பல் கப்பலாக இறக்கியது. 1861 இல் ஹக்கலையில் சிங்கோனாவுக்கென்று ஒரு தோட்டம். 1876 இல் கம்பஹா ஹெனரத்கொடைக்கு அமேசன் காட்டு றப்பர்க் கன்றுகள். 1905 இல் வடிவான ஊதாப் பூவுக்காக ஆற்றுவாழை. அது குளங்களை மூடத் தொடங்கியதும், நாலு வருசத்தில், 1909 இல், அதைத் தடுக்க ஒரு சட்டமே போட வேண்டி வந்தது. சல்வீனியா 1939 இல் கொழும்புக்கு ஆய்வுக்கென்று வந்து, ஆய்வு கூடத்தை விட்டு வெளியே போனது. அது இண்டைக்கும் வயலுக்கும் குளத்துக்கும் தலையிடிதான்.

அதுக்கு முந்தி எங்கட ஆக்கள் செடிகளை எப்படிப் பிரித்தார்கள்? எங்கே வளருது, என்னத்துக்கு உதவுது என்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார், திணைக்கொரு பூ இருக்கிறது. யாழ்ப்பாண அரசர்களின் பெயரில் வழங்குகிற பரராசசேகரம், செகராசசேகரம் போன்ற வைத்திய நூல்களுக்கு ஒரு இலை என்ன நோய்க்கு ஆகும் என்பதுதான் கவலை, அது எந்தக் கப்பலில் வந்தது என்பதில்லை. அதுக்காக எங்கட சனம் வித்தியாசமே பார்க்கவில்லை என்றும் சொல்ல ஏலாது. வேலியில் முதலே கிளுவை இருந்தது. மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து இன்னொரு மரம் வந்து வேலியில் நின்றபோது அதுக்குச் "சீமைக்கிளுவை" என்று பெயர். 'சீமை' என்ற முன்னொட்டே அந்த மரத்தின் கடவுச்சீட்டு.

இந்த இடத்தில் தேயிலையைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. இலங்கையின் பழைய ஏற்றுமதிகளில் கறுவா உண்மையிலேயே இந்த மண்ணுக்குரிய மரம். அதுக்குப் பிறகு பெரிதாக வந்தவை ஒண்டுமே இந்த மண்ணுக்குரியவையில்லை. கோப்பி எத்தியோப்பியாவைச் சேர்ந்தது. 1869 இல் இலைத்துரு நோய் வந்து கோப்பித் தோட்டங்கள் அழிய, 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலை சீனாவையும் அசாமையும் சேர்ந்தது. இந்தச் செடிகளோடு சேர்த்து தென்னிந்தியாவிலிருந்து மனிதரும் கொண்டுவரப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மலைநாட்டுக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே செத்துப்போனார்கள். பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்த மனிதரில் சுமார் 7 இலட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. செடிக்கு அப்படி ஒரு சட்டம் வரவில்லை. தேயிலை "சிலோன் ரீ" ஆகி உலகமெல்லாம் நாட்டின் பெயரைச் சொல்லித் திரிந்தது. அதைப் பறித்த கைகள் மட்டும் வந்தேறிகள். 1958 இலும் 1977 இலும் அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்களை எங்கட ஆக்களே என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதையும் இந்த இடத்தில் மறக்கக்கூடாது.

அதனால்தான் "வந்த மரம் வேண்டாம்" என்ற வசனம் எனக்குத் தொண்டைக்குள் சிக்குகிறது. செடியும் மனிதரும் ஒன்றில்லை என்று எனக்கும் தெரியும். ஆற்றுவாழை ஒரு குளத்தைக் கொல்லும், அதைப் பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் அதைப் பிடுங்க வேண்டியது அது குளத்துக்குச் செய்கிற வேலைக்காக, அது பிரேசில் பக்கத்தில் பிறந்ததுக்காக இல்லை. பாத்தீனியமும் அப்படித்தான். அது 1980களின் கடைசியில் இந்திய அமைதிப்படையின் ஆட்டு மந்தைகளோடு வந்தது என்று வடக்கில் பரவலாகச் சொல்வார்கள். எப்படி வந்தாலும், அது வந்த தோட்டத்தில் பயிர் கெடும், பிடுங்கிற கையில் சொறியும் வரும், சிலருக்கு இழுப்பும் வரும். அதை வைத்திருக்க ஒரு நியாயமும் இல்லை. மிளகாயும் பாத்தீனியமும் ஒரே கண்டத்துப் பிள்ளைகள். ஒன்று தோட்டத்துக்குள் இருக்கச் சொன்னால் இருக்கும், மற்றது இருக்காது. வீட்டுத் தோட்டக்காரருக்கு வேண்டியது இந்த வித்தியாசம்தான்.

அப்படியெண்டால் உள்ளூர்ச் செடி தேவையே இல்லையோ என்று கேட்டால், தேவை, கட்டாயம் தேவை. அதுக்கான காரணம் பெருமையில்லை, தண்ணி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒண்டும் இல்லை. மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும்தான். அது சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்கிறதைத்தான் கிணற்றில் அள்ளி வருசம் முழுக்கக் குடிக்கிறோம், இறைக்கிறோம். இந்தக் கணக்குக்கு ஏற்ற மாதிரிப் பல்லாயிரம் வருசமாகப் பழகின மரங்கள் இருக்கின்றன. சித்திரை வெயிலிலும் பாலை பச்சையாய் நிற்கும், ஒரு வாளி தண்ணி கேட்காது. புல்தரை கேட்கும், நாளாந்தம் கேட்கும்.

இன்னொரு காரணம் பூச்சி. வண்ணத்துப்பூச்சி தேன் குடிக்க எந்தப் பூவிலும் இருக்கும், ஆனால் முட்டை வைக்கிற இலையில் சரியான கண்டிப்பு. எருக்கலை இல்லாத ஊரில் எருக்கலை தின்கிற மயிர்க்கொட்டி இல்லை, அந்த மயிர்க்கொட்டி இல்லாமல் அந்தச் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் இல்லை. கொன்றையும் ஆவரசும் நின்றால் வெளிர்மஞ்சள் பூச்சிகள் கூட்டமாக வரும். குறோட்டன் இலை எவ்வளவு வடிவெண்டாலும் எங்கட பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பிளாஸ்ரிக் மாதிரித்தான்.

இந்த மரங்களெல்லாம் முந்தி எங்கே இருந்தன? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. யாழ்ப்பாணத்து வளவுக்குள் பெரும்பாலும் பயன்மரங்கள்: தென்னை, மா, பலா, வாழை, முருங்கை, தேசி. உள்ளூர்க் காட்டு இனங்களுக்கு இடம் கிடைத்தது வேலியில். கதியால் என்ற சொல்லை இப்ப எங்கட வயசுக்காரர் எத்தனை பேருக்குத் தெரியுமோ தெரியாது. வேலிக்கு நடுகிற தடி, ஆனால் செத்த தடியில்லை, மழைக்குத் துளிர்க்கிற உயிர்த்தடி. கிளுவங்கதியால், பூவரசங்கதியால், முள்முருக்கங்கதியால். இவற்றை வரிசையாக நட்டு, குறுக்கே வரிச்சு கட்டி, கிடுகோ பனையோலையோ வைத்து அடைப்பார்கள். வருசத்துக்கு ஒருக்கா வேலி அடைக்கிறது ஒரு பெரிய வேலை.

அந்த வேலி சும்மா மறைப்பு மட்டுமில்லை. மழைக்கு முன்னும் பின்னும் கொப்புகளை வெட்டி, குழையைத் தோட்டத்துக்குள்ளும் வயலுக்குள்ளும் தாழ்ப்பார்கள். செயற்கை உரம் வருவதுக்கு முந்தி இந்தக் குழையும் மாட்டெருவும்தான் செம்மண்ணின் பசியைத் தீர்த்தவை. முருக்கமிலை ஆட்டுக்கு. பூவரசம் இலை பிள்ளைகளுக்கு ஊதி விளையாட. கொப்பில் செம்பகம், அடியில் புலுனிக் கூட்டம், கதியாலைப் பற்றிக்கொண்டு ஏறும் கொவ்வை, முசுட்டை, குறிஞ்சா. முசுட்டை இலை வறையாகும், குறிஞ்சா சுண்டலாகும். ஒருவரும் திட்டம் போட்டு "சுதேசத் தாவரத் தோட்டம்" என்று அதைச் செய்யவில்லை. தானாக அமைந்தது.

வேலியைப் புனிதமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. அந்த உயரமான ஓலை வேலி பெண்களை உள்ளே வைத்தது, சாதியை வெளியே வைத்தது. வேலி அடைக்க வந்தவர் படலைக்கு உள்ளே எவ்வளவு தூரம் வரலாம் என்றும் எழுதாத சட்டம் இருந்தது. எல்லைக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதுக்கு நீதிமன்றம் வரைக்கும் போன கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் காணியோடு சேர்த்து மரத்தின் உரித்தும் பேசப்படுகிறது என்றால், மரம் இங்கே எவ்வளவு பெரிய சொத்து, எவ்வளவு பெரிய சண்டை என்று விளங்கும்.

இப்ப வேலி போய் மதில் வந்துவிட்டது. அதுக்குச் சண்டைக் காலம் ஒரு காரணம், வெளிநாட்டுக் காசு ஒரு காரணம், கிடுகு பின்ன ஆள் இல்லாதது ஒரு காரணம். அம்மம்மாவின்ர காணி வலிகாமம் வடக்கில். 1990 இல் விட்டுவிட்டு வந்தது, நான் முதல்முதல் அதைக் கண்டது உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுவித்த பிறகுதான். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும். மிச்சமெல்லாம் காடு. எல்லாரும் செய்த மாதிரியே ஜேசிபி பிடித்து ஒரே நாளில் துப்புரவாக்கினார்கள். குற்றம் சொல்ல ஏலாது. மிதிவெடி எண்ட பயம், பாம்பு எண்ட பயம், எல்லைக்கல்லைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசரம். ஆனால் ஒரு ஓரத்தில் மெசின் இன்னும் போகாத துண்டில் என்னென்ன நின்றது என்று அம்மம்மா சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்தேன்: நாவல் மூன்று, விளாத்தி ஒன்று, ஈச்சம்பற்றை, நொச்சி, காரை, எருக்கலை, கொவ்வை. அதுகளோடு நாயுண்ணியும் இப்பிலிப்பிலும். கடைசி இரண்டும் அமெரிக்கப் பக்கத்தவை, மற்றதுகளை நெரித்துக்கொண்டு நின்றன. முந்தினவை ஒருவரும் நடாமல், ஒருவரும் தண்ணி ஊத்தாமல், பறவையும் காற்றும் கொண்டுவந்து போட்டவை. மெசினுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, எல்லாம் "பற்றை". இப்பிடித் துப்புரவாக்கின எத்தனையோ வளவுகளில் பிறகு கொங்கிறீற் கல் பதித்து, சட்டியில் குறோட்டனும் போகன்வில்லாவும் வைத்திருக்கிறார்கள். அதுக்குப் பிறகு "நாட்டு மரம் நடுவோம்" என்று கன்றுக்குக் காசு கொடுக்கிறோம்.

வேலியில் ஏறுகிற கொடிகளில் ஒன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கார்த்திகைப்பூ. பழைய இலக்கியத்துக் காந்தள். இந்தத் தீவுக்கு உரித்தான கொடி என்பதில் சந்தேகமே இல்லை. மழை தொடங்கக் கிழங்கிலிருந்து முளைத்து, இலை நுனியாலேயே பற்றிப் பிடித்து ஏறி, மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து, மழை முடிய மண்ணுக்குள் திரும்பிவிடும். 2003 இல் விடுதலைப்புலிகள் அதைத் தமிழீழத்தின் தேசியப் பூவாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் அதுதான், சிம்பாப்வேயின் தேசியப் பூவும் அதுதான். ஆனால் இங்கே அந்தப் பூவின் படத்தை ஒரு சுவரில் கீறினால் விசாரிக்க ஆள் வரும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. இதோடு ஒரு பகிடி. நாட்டின் தேசிய மலராக 1986 இல் அறிவிக்கப்பட்டது நீல அல்லி. ஆனால் அந்தப் பெயரில் பல இடங்களில் படமாகப் போடப்பட்டதும் குளத்தில் வளர்க்கப்பட்டதும் உண்மையான நீல அல்லி இல்லை, வெளியிலிருந்து வந்த அல்லியின் கலப்பு என்று தாவரவியலாளர்களே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். வந்த பூ தேசிய மலரின் கதிரையில் இருக்க, இருந்த பூ விசாரணைக்குப் பயந்து நிற்கிறது. கார்த்திகைப்பூவை வளர்க்க விரும்பினால் ஒரே ஒரு எச்சரிக்கை, அது அரசியல் இல்லை: கிழங்கிலிருந்து விதை வரைக்கும் முழுக்க நஞ்சு. சின்னப்பிள்ளைகளும் ஆடும் போகாத வேலிப்பக்கத்தில் விடுங்கோ.

மற்றபடி என்ன நடுவது? காணி பெரிதென்றால் மூலையில் ஒரு இலுப்பையோ நாவலோ பாலையோ. இலுப்பை பெரிய மரம், வீட்டுக்கும் கிணற்றுக்கும் நல்லாய்த் தள்ளி வைக்க வேண்டும். பாலை மெதுவாகத்தான் வளரும், பேரப்பிள்ளைக்கு என்று நினைத்து நடுங்கோ. இரண்டு பரப்புக் காணியில் நடுத்தரமாக ஒன்று வேண்டுமென்றால் கொன்றை. அது பூக்கும் காலத்தில் பார்க்கப் போகன்வில்லாவே தோத்துப்போகும். கடற்கரைப் பக்கம், மணல் தரை என்றால் பூவரசு, தாழை. வாசலுக்குப் பூச்செடி என்றால் கனகாம்பரமும் வெட்சியும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியவைதான். நேர்சரியில் எக்சோரா என்று விற்கிறது அந்த வெட்சிக் குடும்பம்தான், ஆனால் கலப்பினங்கள் கனக்க இருக்கு, பழைய சிவப்பைக் கேட்டு வாங்குங்கோ. கொய்யாவையும் பப்பாசியையும் பிடுங்க வேண்டாம், தேமாவையும் செவ்வரத்தையையும் பிடுங்க வேண்டாம். நாயுண்ணியை மட்டும் வேரோடு எடுங்கோ. புதுக்காணி துப்புரவாக்கிறதெண்டால் மெசின் வர முதல் ஊரில் வயசான ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு ஒருக்காச் சுற்றி வந்து, நிற்க வேண்டிய மரங்களுக்கு ஒரு துணி கட்டிவிடுங்கோ. நாவல் விதையைக் காயவைத்து வைத்திருக்க ஏலாது. பழம் தின்ற கையோடு மண்ணுக்குள் போட்டால்தான் முளைக்கும்.

மதில் கட்டியாச்சு, இனி வேலி எங்கே என்று கேட்பீர்கள். மதிலுக்கு உள்பக்கமாக மூன்று அடி விட்டு ஒரு வரிசை கதியால் போடலாம். கிளுவங்கதியால் நான் போன நேர்சரி ஒண்டிலும் விற்பனைக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் ஒரு ஒழுங்கையில், ஒரு பழைய வீட்டில், மதில் கட்டாமல் விட்ட ஒரு பக்கம் இருக்கும். அங்கே கேட்டால் ஒரு கட்டு வெட்டித் தருவினம். ஐப்பசி மழைக்கு முதல் கேளுங்கோ.